கிழங்கு அரசி வைத்த மொய்

எங்கள் கானா நாட்டுக் குமாசியில் என் குரலைக் கேட்காமல் மண்ணுக்குள் போன பிணங்கள் குறைவு. சனிக்கிழமை தோறும் கறுப்பு உடுத்திக்கொண்டு, பந்தலுக்கு நடுவே மைக்கைப் பிடித்து நின்று, யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்று தெருக்கோடிவரை கேட்கும்படி சொல்வது என் தொழில். செத்தவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பாதிரியார் இருக்கிறார், பொய் சொல்லக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர். என் வேலை உயிரோடு இருப்பவர்களின் பெயரைச் சொல்வது. "அசாஃபோ தையல்கடை க்வாசி, ஒரு பெட்டி ஷ்னாப்ஸ் சாராயம்!" என்று நான் இழுத்து முடித்தால் க்வாசி எழுந்து நின்று இரண்டு விரலை ஆட்டுவார். அவர் மனைவி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று வையுங்கள், அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது.

இப்படிக் கௌரவமாக இருந்த என்னைத் திசு வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனவர் டாக்டர் ட்வும். தன் மாமாவின் சாவில் என் குரலைக் கேட்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகத்தான் உலகத்தைப் பார்ப்பார்.

"யாவ் பெப்ரா, உங்க தொண்டை எனக்கு வேணும்," என்றார்.

"இப்பவேவா, நான் செத்தப்புறமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் அது நியாயமான கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது.

வங்கி என்றதும் காசு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தால் சாதாரணமாக எரித்துவிடுவார்கள். எரிப்பதற்கு முன்னால் கேட்டு வாங்கி, ஒரு துண்டை மெழுகில் பதித்து, ஒரு துண்டைக் குளிர்பெட்டியில் உறைய வைத்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வங்கி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி துவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. அஷாந்தி வட்டாரம் முழுவதற்கும் அது ஒன்றுதான்.

"நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு மார்புக் கட்டி சின்ன வயசுலயே வருது, தலைதெறிக்க வளருது," என்றார் டாக்டர். "மருந்து கண்டுபிடிக்கிறவன் வெள்ளைக்காரியோட கட்டிய வெச்சுக் கண்டுபிடிக்கிறான். நம்ம கட்டி அவன் கண்ணுலயே படல. நாம சேத்து வெச்சாத்தான பாப்பான்? ஆனா போய்க் கேட்டா நம்ம சனங்க குடுக்க மாட்டேங்குறாங்க. எனக்குக் கேக்கத் தெரியல."

எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "வெட்டி எடுக்கிறத எங்களுக்குக் குடுங்கம்மா" என்று கேட்பது என் வேலையாயிற்று. பாதிப்பேர் "சூனியம் வெக்கவா?" என்றார்கள். ஒருத்தி, "எங்க மாமியார முழுசாவே தர்றேன், வண்டி கொண்டா," என்றாள். நானும் விடுவதில்லை. ஊரில் பாதிப்பேரின் இழவில் நின்றவன் ஆயிற்றே, அவர்களுடைய மாமன் சாவில் யார் மொய் வைக்காமல் நழுவினான் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பித்தால் கடைசியில் கட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படித்தான் மாமே அஃப்ராகோமா வந்தாள். எங்கள் சந்தையில் தக்காளிக்கு ஓர் அரசி, வெங்காயத்துக்கு ஓர் அரசி, கருவாட்டுக்கு ஓர் அரசி. பெருவள்ளிக் கிழங்குக்கு இவள் அரசி. வடக்கேயிருந்து வரும் கிழங்கு லாரி இவள் தலையசைக்காமல் கதவைத் திறக்காது. மற்ற அரசிகளெல்லாம் இவளுக்கு எதிரில் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவார்கள். அவளுக்கு இடது மார்பில் கட்டி.

"வெட்டி வெச்சுக்கிட்டு என்னடா பண்ணுவீங்க?"

"மெழுகுல பதிச்சு வெப்போம், அரசியம்மா. படிச்சவங்க பாப்பாங்க."

"என் புருஷன் எத்தன வருஷம் பாத்தான். ஒண்ணும் படிக்கல."

நான் மருந்து, பின்னால் வரப்போகும் பெண்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எங்கம்மா இதுலதான் போனா," என்றாள். "எங்கக்காவும். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எடுத்துக்கடா மைக்கு. நல்ல மார்பு. மூணு புள்ளைங்க குடிச்சது."

அன்றிலிருந்து நான் அவளுக்கு மைக்கு. கைநாட்டு வைத்தாள், மார்பைக் கொடுத்தாள். தன் பெயரை எப்போது சொல்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கொடுத்தால் பெயர் சொல்வார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது? இங்கே பெயர் சொல்ல மாட்டார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் இருந்தது ஆஸ்பத்திரி. அவள் இருந்தது குமாசி.

அந்த வருடக் கடைசியில் வங்கிக்கு ஒரு நன்றிக் கூட்டம் வைத்தோம். பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்கு மால்ட் பாட்டிலும் சோறும். அஃப்ராகோமா வந்து இறங்கினாள் பாருங்கள்! கண்டத்திலிருந்து தப்பியவள் உடுத்தும் வெள்ளைத் துணி, கழுத்திலும் தோளிலும் அப்பிய வெள்ளைப் பொடி, பின்னால் கிழங்குக்காரிகள் ஒரு படை. முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் பெண்ணுக்கு வாங்கிய நகையை ஊருக்குக் காட்ட வந்தவள் மாதிரி இருந்தது.

டாக்டர் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நானும் என் முழுத் தொண்டையில் படித்தேன்.

"பெயர் சொல்ல விரும்பாத நல்ல உள்ளங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி!"

அவ்வளவுதான். அடுத்தது பாட்டு.

"டேய் மைக்கு!" என்று ஒரு சத்தம். எனக்கு மைக் தேவைப்படுகிறது, அவளுக்கு அது தேவையில்லை. "யாருடா பேர் சொல்ல விரும்பாதவ? விரும்பலன்னு உன்கிட்ட வந்து நான் சொன்னேனா?"

டாக்டர் அவளை அவசரமாக அறைக்குள் கூட்டிப்போனார். கிழங்குக்காரிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, இதெல்லாம் ரகசியம். யாரோட நோய் என்னன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாது. உங்க பேர் இங்க எங்கயும் இருக்காது. உங்களுக்கு ஒரு நம்பர் குடுத்திருக்கோம்."

"நம்பரா? நான் என்ன ட்ரோட்ரோ வண்டியா?"

"உங்களப் பாதுகாக்கத்தாம்மா."

"நான் என்னத்தத் திருடினேன், ஒளிச்சு வெக்க? அங்க நிக்கிறானே இந்த மைக்கு, அவனக் கேளு. மீன்கடை க்வாக்குவோட ஆத்தா சாவுக்கு ஒத்தக் கிழங்கு வெச்சேன். அதுலயும் பாதி அழுகல். அதுக்கு என் பேரை மூணு தடவ சொன்னான். இங்க மார்பையே வெச்சிருக்கேன்டி! மறுநா காலைல ஒரு நாதியாவது என் வாசலுக்கு வந்து நன்றின்னு சொல்லிச்சா?"

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கண்ணாடி வழியாகவும் பார்த்தார்.

"குடுத்துரு," என்றாள் அஃப்ராகோமா. "பொட்டலம் கட்டு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அது இப்ப சின்னச் சின்னத் துண்டா..."

"எண்ணிக் குடு."

எண்ணிக் கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள். ஆனால் சந்தையில் ஒரு சொல் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அறுவைக்கு வந்த பெண்ணெல்லாம் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். "அரசி வேண்டாம்னுட்டா. எரிச்சிருங்க," என்பார்கள். எரித்தார்கள். டாக்டர் ட்வும் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, எரியூட்டும் உலையின் புகைபோக்கியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒவ்வொண்ணும் ஒரு பொண்ணோட உயிரக் காப்பாத்தியிருக்கும், பெப்ரா," என்றார் ஒருநாள்.

"தப்பு நம்மளோடது டாக்டரம்மா. மொய்ய வாங்கி வெச்சுக்கிட்டு பேர் சொல்லாம விட்டா எந்தக் குமாசிக்காரி சும்மா இருப்பா?"

"இது மொய் இல்ல."

"பின்ன என்ன?"

மறுநாள் டாக்டர் முட்டையும் ஷ்னாப்ஸும் வாங்கிக்கொடுத்து என்னைச் சந்தைக்கு அனுப்பினார். கோபித்துக்கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் முறை அவருக்கும் தெரியாமல் இல்லை. இத்தனை மாதம் அவருடைய படிப்பு அதைச் செய்ய விடவில்லை.

அஃப்ராகோமா கிழங்குக் குவியலுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்பேர்ப்பட்ட உடம்பு, துணிக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் அவள் மகள் சார்ப்போமா கிழங்குகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடப் பாதிதான் கேட்கும். அந்தத் தாய்க்கு இந்த மகள் எப்படி என்று சந்தையே கேலி செய்யும்.

"என்னடா பாக்குற?" என்றாள் அஃப்ராகோமா. "திரும்பி வந்துருச்சு. ஈரலுக்குப் போயிருச்சாம்."

முட்டையை நீட்டினேன். ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். அழுகல் கிழங்கை மொய் வைத்தவளுக்கு எல்லாரையும் சந்தேகம்.

"வாங்கிக்கிட்டேன். சந்தைல சொல்லிடறேன், நாளைலேந்து குடுப்பாளுங்க. ஆனா என் பேர் பாக்கி. அடுத்த கூட்டத்துல சொல்லு."

"அரசியம்மா, ஆஸ்பத்திரி விதி..."

"கேளுடா. நீ எத்தன சாவுல கத்தியிருக்க? உன் கத்தலக் கேட்டு ஒரு பொணமாவது தலையத் திருப்பிப் பாத்துச்சா? நான் செத்தப்புறம் என்னப் பத்தி ஆயிரம் சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம். நான் குடுத்தேன்னு நான் உக்காந்து என் காதால கேக்கணும். அவ்ளோதான்."

இதைக் கேட்டுவிட்டு எந்த மனிதன் விதி பேசுவான்? நான் திரும்பி வந்து டாக்டரிடம் சண்டை போட்டேன். அவளே ஒப்புக்கொள்கிறாள், அவள் பெயர், அவள் மார்பு, இடையில் நீங்கள் யார் என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை.

"அம்மாவுக்கு வந்துச்சு, அக்காவுக்கு வந்துச்சு, இவங்களுக்கும் வந்திருக்கு. இது அவங்க ஒருத்தரோட நோய் இல்ல, பெப்ரா. இவங்க பேரைச் சொன்னா பொண்ணு பேரையும் சொன்ன மாதிரிதான். அந்தப் பொண்ணு ஒப்புக்கிட்டாளா?"

படித்தவர்களின் சாக்கு என்று நினைத்தேன். அந்த வாரமே அரசியின் அண்ணன் அம்பொஃபோ என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடும்பத்துக்குத் தலைவர், சார்ப்போமாவுக்குத் தாய்மாமன். எங்களில் பிள்ளைகள் தாய் வழி. அப்பன் சோறு போடலாம், செருப்பு வாங்கிக் கொடுக்கலாம், பேசுகிற இடத்தில் பேசுகிறவர் தாய்மாமன்.

"யோவ், நீ மைக்குல எங்க வீட்டு நோயச் சொல்லப்போறியாமே?"

"அரசிதான் சொல்லச் சொன்னாங்க, மாமா."

"அவளுக்கு ஜுரம் மூளைக்கு ஏறிடுச்சு. சார்ப்போமாவக் கேட்டு ஆளு வரப்போறாங்க. மின்சாரக்கடை பாஃபோ, நல்ல பையன். அவங்க அத்தை ஃபோஃபியே ஊரெல்லாம் விசாரிச்சுட்டுத் திரியிறா, நம்ம வம்சத்துல என்ன நோய்ன்னு. நீ வாயத் தொறந்தேன்னா நானே உனக்கு மொய் வெக்க வேண்டி வரும்."

மிரட்டலில்கூட ஒரு மரியாதை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த அத்தை ஃபோஃபியேயும் வந்தாள். பெண் எடுப்பதற்கு முன் அந்தக் குடும்பத்தில் குஷ்டம் உண்டா, பைத்தியம் உண்டா, வலிப்பு உண்டா என்று துப்புத் துலக்குவது இங்கே எல்லா வீட்டு அத்தைகளின் உரிமை. இவள் வாழைத்தார் ஒன்றை ஆளிடம் தூக்கிவரச் சொல்லி, தான் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நீ ஆஸ்பத்திரில இருக்க. அஃப்ராகோமா வீட்டுல புத்து இருக்காமே?"

"அத்தை, எங்க வங்கில யார் பேரையும் சொல்றதில்ல. விதி."

அந்த விதியை நான் முதல்முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

"இல்லேன்னா இல்லன்னு சொல்லியிருப்ப," என்றாள் அவள்.

"இருக்குன்னாலும் சொல்ல மாட்டேன், இல்லன்னாலும் சொல்ல மாட்டேன்."

"எங்க வீட்டுல எல்லாம் அப்படி எதுவும் கிடையாதுப்பா. சுத்தமான ரத்தம்."

அவள் வீட்டுச் சுத்தமான ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். உங்களிடமும் சொல்லப்போவதில்லை. வாழைத்தாரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனாலும் நான் முடிவு செய்துவிட்டேன். பெயரைச் சொல்லத்தான் போகிறேன். வேலை போனால் போகட்டும், குமாசியில் சாவுக்கா பஞ்சம்? கல்யாணத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். செத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி தன் பெயரைக் கேட்பதைவிட ஒரு மின்சாரக்கடைக்காரன் பெரிதாகத் தெரியவில்லை. இது அந்தப் பெண்ணின் வாழ்க்கை, என்னுடையதல்ல என்பதும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

கூட்டத்தன்று சந்தையே பந்தலுக்குள் இருந்தது. அரசி தடையை நீக்கியபின் கொடுத்தவர்கள் ஏராளம். எல்லாரும் சோற்றுக்கு வந்திருந்தார்கள், பேச்சையும் கேட்பார்கள். அம்பொஃபோ மாமா துணியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் ஃபோஃபியே அத்தை, கைக்குட்டையும் கையுமாக. அவள் பக்கத்தில் பாஃபோ, இஸ்திரி போட்ட சட்டையில்.

அஃப்ராகோமாவை டாக்ஸியிலிருந்து நானும் சார்ப்போமாவும் தாங்கி இறக்கினோம். கனமே இல்லை. வெள்ளைத் துணிதான் உடுத்தியிருந்தாள். இறங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மைக்கு. சொல்லாத."

"என்ன அரசியம்மா?"

"என் பேரைச் சொல்லாத. அந்த விசிறிக்காரி உக்காந்திருக்கா, பாத்தியா? அடுத்த வாரம் தாம்பூலம் கொண்டு வர்றாங்க. முடியட்டும்."

"நீங்க கேக்கணும்னீங்களே?"

"கேக்காமப் போறேன். என்ன இப்ப? உனக்கென்னடா அழுக வருது, எனக்கு வர வேண்டிய நேரத்துல? எம்பொண்ணுக்கு ஒரு வீடு அமையணும். நான் போனப்புறம் இந்தப் புள்ள பேசறது யாருக்குக் கேக்கப்போகுது?"

சார்ப்போமா தாயின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

டாக்டர் அதே துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நான் மைக்கைப் பிடித்து நின்றேன். அஃப்ராகோமா முதல் வரிசையில், எதையோ தூக்கமுடியாமல் தூக்குகிறவள்போல உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோஃபியேயின் மேல், விதியின் மேல், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையின் மேல், எல்லாவற்றின் மேலும். அழுகல் கிழங்குக்கு மூன்று முறை கத்தின இந்த வாயால் இப்போது இதைப் படிக்க வேண்டும்.

"பெயர் சொல்ல விரும்பாத..." என்று ஆரம்பித்தேன். "பெயர் சொல்ல விரும்பாத நல்ல..."

அதற்கு மேல் வரவில்லை. கூட்டம் என்னைப் பார்த்தது. மைக்குக்காரன் மறந்துவிட்டான் என்று யாரோ சிரித்தார்கள். அப்போது என் கையிலிருந்து மைக்கை ஒரு கை எடுத்தது. சார்ப்போமா.

"கிழங்கு அரசி அஃப்ராகோமா," என்றாள். மைக் இருந்தும் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. ஆனால் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. "எங்கம்மா. ஒரு மார்பு. இடது."

அம்பொஃபோ மாமா தோளில் இருந்த துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஃபோஃபியே அத்தை எழுந்தாள். ஓரமாகப் போயிருக்கலாம், வழி இருந்தது. நடுவழியாக, எல்லாரும் பார்க்கும்படி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். நோய் மைக்கின் வழியாகப் பரவும் என்று நினைத்தாளோ என்னவோ. பாஃபோ எழுந்தான். அத்தையைப் பார்த்தான். சார்ப்போமாவைப் பார்த்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அத்தைக்குக் குடை பிடிக்கப் போனான்.

சார்ப்போமா அவன் போவதை முழுக்கப் பார்த்தாள். குடை சாலையைக் கடக்கும்வரை பார்த்தாள். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"எங்க பாட்டி இதுல செத்தா. எங்க பெரியம்மா இதுல செத்தா. யாரும் அவங்ககிட்டக் கேக்கல, எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. எங்கம்மா குடுத்தா. கிழங்கு அரசி அஃப்ராகோமா, ஒரு மார்பு, இடது."

"ஏ முட்டாக் கழுத!" என்று அஃப்ராகோமா கத்தினாள். அந்த உடம்பில் அந்தச் சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "யாருடி உன்னச் சொல்லச் சொன்னா? போச்சு, போச்சு, எல்லாம் போச்சு. நல்ல பையன்டி. கடை வெச்சிருந்தான்டி."

"குடைதாம்மா வெச்சிருந்தான்," என்றாள் சார்ப்போமா. மைக் திறந்திருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

கிழங்குக்காரிகள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, எங்கள் சாவு வீடுகளில் இரண்டும் ஒரே சத்தம்தான். டாக்டர் ட்வும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "எனக்குக் கண்ணாடி இல்லாம காதும் கேக்காது, பெப்ரா," என்றார். அந்த அம்மாள் வேடிக்கையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அஃப்ராகோமா மகளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டத் திட்ட மூச்சு வாங்கியது. கடைசியில் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அந்த மைக்க அவன்கிட்டக் குடு. சொன்னதுதான் சொன்ன, ஒழுங்காச் சொன்னியா? கிணத்துக்குள்ள விழுந்த பூன மாதிரி. டேய், நீ சொல்லு."

நான் வாங்கிக்கொண்டேன். எத்தனையோ பணக்காரன் சாவில் கத்தியிருக்கிறேன், அமைச்சர்கள் வைத்த மொய்யைச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு முறை கத்தியதில்லை. தெருவில் போன ட்ரோட்ரோ நின்றது.

"கிழங்கு அரசி! மாமே அஃப்ராகோமா! ஒரு மார்பு! இடது!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். என் குரல் ஓய்ந்தபிறகும் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி. சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு இருக்குமே, அது. பிறகு எழுந்தாள். யாரும் தாங்கவில்லை, தாங்கப் போன சார்ப்போமாவையும் தள்ளிவிட்டாள். எழுந்து நின்று, மொய் வைத்தவர்கள் செய்கிறபடி, இரண்டு விரலைத் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டிக் காட்டினாள்.

"இப்ப அடுத்தது சொல்லு," என்றாள் என்னிடம்.

"அடுத்தது யாரும்மா?"

"எம்பொண்ணு பேரைச் சொல்லு. அவளும் வெச்சிருக்கா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சார்ப்போமாவுக்கு விளங்கிவிட்டது. அவள் தாயின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அஃப்ராகோமா அவள் தலைமேல் கையை வைத்தாள். நான் மைக்கைத் தூக்கினேன்.

"சார்ப்போமா! அஃப்ராகோமாவின் மகள்! ஒரு கல்யாணம்!"

பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலையில் போட்டிருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அம்பொஃபோ மாமாவும் எழுந்தார்.